பணம் கட்டியாயிற்று, வண்டி எப்போது வரும்?

(சங்கக் கிளைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர் என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்றைக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். வண்டி வாங்குவது அவரவர் சொந்தக் காரியமாயிற்றே, அதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று ஒரு சிலர் நினைக்கக் கூடும். கடையில் பணத்தைக் கட்டிவிட்டு, இரண்டு மாதம் மூன்று மாதம் வண்டி வராமல், அடுத்த வீட்டுக்காரர் பின்னால் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நேரத்துக்குப் பிரட்டில் நிற்க முடியாதவருக்கு வெட்டு இல்லை; வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. கூலியைத் தொடுகிற எந்த விஷயமும் சங்கத்தின் விஷயந்தான்.

பால்மரம் நம்முடைய சௌகரியத்தைப் பார்ப்பதில்லை. இரவெல்லாம் வேர் இழுத்த நீர் மரத்தில் நிறைந்து, பட்டைக்குள் இருக்கும் பாற்குழாய்கள் இறுகி நிற்பது விடியற்காலையில்தான். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் ஆவியாகிறது. உள்ளே அழுத்தம் தளர்கிறது. மங்கில் விழுகிற பாலும் குறைகிறது. ஆகையினால்தான் நம் பாட்டன்மார் இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தார்கள். அன்று லயம் தோட்டத்துக்குள் இருந்தது. கதவைத் திறந்தால் எதிரே மரம் நின்றது. இன்றோ எத்தனையோ தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறிவிட்டன. நம்மவரில் பலர் பட்டணத்தோரத் தாமான்களில் குடியிருந்துகொண்டு, பதினைந்து இருபது கிலோமீட்டர் தாண்டி மரத்தடிக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் பஸ் ஏது? மனைவியும் வெட்டுக்காரியாக இருந்தால் அவரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்து பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டும். பால் வாளியும் அந்த வண்டியில்தான், அரிசி மூட்டையும் அந்த வண்டியில்தான். வெட்டுக்கத்தி எப்படி நமக்கு ஒரு தொழிற்கருவியோ, அப்படியே இந்த வண்டியும் ஒரு தொழிற்கருவி.

இது எப்போது இப்படி ஆயிற்று என்பதையும் சற்றுப் பார்ப்போம். ஒரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் துரை வருகிறார் அல்லது கண்டக்டர் வருகிறார் என்று பொருள். பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ப் என்ற சீமை வண்டிகள் அவை. தொழிலாளிக்குச் சைக்கிள் வாய்த்தாலே பெரிது. 1958-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஹோண்டா சூப்பர் கப் என்ற சிறு வண்டி வெளிவந்தது. பினாங்கு வணிகர் லோ பூன் சியூ அதை மலாயாவுக்குக் கொண்டு வந்தார். குறுக்குக் கம்பி கிடையாது. கைலி கட்டியவரும் சேலை கட்டியவரும் தயக்கமின்றி ஏறி உட்காரலாம். கையால் கிளச் பிடிக்க வேண்டியதில்லை. பெட்ரோலும் கொஞ்சமாகக் குடித்தது. அந்த ‘கப்’ என்ற பெயரோடு, சின்னது என்று பொருள்படும் ‘சாய்’ என்ற கண்டோனிய விகுதியைச் சேர்த்து நாட்டு மக்கள் ‘கப்சாய்’ என்று அழைக்கலானார்கள். இன்று எந்தக் கம்பெனியின் வண்டியானாலும் அந்த அமைப்பில் இருந்தால் நமக்கு அது கப்சாய்தான். 1996-ல் கெடா மாநிலத்துக் குரூண் தொழிற்சாலையிலிருந்து மொடனாஸ் கிரிஸ் என்ற நம் நாட்டு வண்டியும் வெளிவந்தது. சூப்பர் கப் வரிசை வண்டிகளின் எண்ணிக்கை 2017 அக்டோபரில் உலகெங்கும் சேர்த்து 10 கோடியை எட்டியது. ஏழை மனிதன் வாங்கியே அந்தக் கணக்கு நிறைந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நிற்க. இப்படி நம் உழைப்பால் வளர்ந்த வியாபாரத்தில் நமக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்பதே கேள்வி.

கடைக்குப் போகிறோம். கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று ஒரு வண்டி நிற்கிறது. அதைத் தருவாரா என்றால், அது காட்சிக்கு வைத்தது அல்லது வேறொருவர் பெயரில் பதிவாகிவிட்டது என்கிறார். முன்பணம் கட்டுங்கள், இரண்டு வாரத்தில் வந்துவிடும் என்கிறார். கட்டுகிறோம். இரண்டு வாரம் கழித்துப் போனால், ‘பாராங் பெலும் சம்பாய்.’ அதற்கு அடுத்த முறை, ‘மிங்கு டெப்பான்.’ அதற்கும் அடுத்த முறை நாம் பேசிய ஆள் அங்கே இல்லை. வேறொருவர் புதிதாக முதலிலிருந்து விசாரிக்கிறார். இந்த இரண்டு மலாய் வாக்கியங்களும் நம் அங்கத்தினர்களுக்கு மனப்பாடம். போக வர பெட்ரோல், அதற்காக இழந்த அரை நாள், இவற்றையெல்லாம் யார் கணக்கில் எழுதுவது?

காத்திருப்பது எல்லாமே மோசடி என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நியாயமும் ஆகாது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 2021 ஜூனில் மறுபடியும் நாடு முழுவதும் முடக்கம். அதே சமயத்தில் உலகெங்கும் மின்னணுச் சில்லுகளுக்குப் பெரும் பஞ்சம். பழைய கார்புரேட்டர் வண்டியாயிருந்தால் சில்லு இல்லாமலே ஓடும். இப்போதைய வண்டிகளில் பெட்ரோலை அளந்து எஞ்சினுக்குள் பீய்ச்சுவதே ஒரு சிறு மின்னணுப் பெட்டி. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் மற்ற சாமான்கள் எல்லாம் தயாராக இருந்தும் வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவராது. சாதாரணக் காலத்திலும் விநியோகஸ்தர் ஒவ்வொரு கடைக்கும் இத்தனை வண்டி என்று பங்கு வைத்துத்தான் அனுப்புகிறார். பட்டணத்துப் பெரிய கடைக்குப் பத்து வந்தால், நம் சிற்றூர்க் கடைக்கு இரண்டு வரும். அதற்கு அந்தச் சிறு கடைக்காரர் என்ன செய்வார்? இன்னொன்று: பையன் புதிதாக வந்த 150 சிசி வண்டிதான் வேண்டும், அதிலும் நீல நிறந்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அந்தக் காத்திருப்புக்குப் பையனே பொறுப்பு. அப்பாவின் வாளியை ஏற்ற அந்த வண்டியில் இடமும் இராது!

நம் வழக்கு வேறு. வண்டி இல்லை என்றால் இல்லை என்று சொல்லட்டும். மூன்று மாதம் ஆகும் என்றால் ஆகும் என்று எழுதிக் கொடுக்கட்டும். தெரிந்து காத்திருப்பவர் அதற்கேற்பத் தன் காரியத்தை அமைத்துக்கொள்வார். பழைய வண்டியைப் பழுது பார்த்து ஓட்டுவார். வேறு கடைக்கும் போவார். தேதி தெரியாமல் காத்திருப்பவர் கைகட்டி நிற்கிறார். அவருடைய முன்பணம் கடைப் பெட்டியில் இருக்கிறது, அவருடைய காலைப் பொழுது கடைக்காரர் வாய்ச்சொல்லில் இருக்கிறது. இந்த நிலைமையைத்தான் நாம் ஏற்க முடியாது என்கிறோம்.

சில கடைகளில் நடக்கும் காரியங்களைக் கேட்டால் வயிறெரிகிறது. ரொக்கமாகப் பணத்தைக் கட்ட வருபவரிடம் ஸ்டாக் இல்லை என்கிறார்கள். அதே வண்டியைத் தவணைக்கு எடுக்க வருபவரிடம் நாளைக்கே தருவதாகச் சொல்கிறார்கள். காரணம் வெளிப்படை. தவணைக் கடன் பிடித்துக் கொடுத்தால் கடன் கம்பெனியிடமிருந்து கடைக்கு ஒரு வரும்படி உண்டு; ரொக்க வியாபாரத்தில் அது இல்லை. சீட்டுப் போட்டு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தோடு போகிறவர், தம்மிடம் பணம் இருப்பதற்காகவே பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறார். இது என்ன நீதி? இன்னும் சிலர், கூடை, பெட்டி, பாதுகாப்பு அலாரம் என்று வேண்டாத சாமான்களையும் சேர்த்து எடுத்தால் வண்டி சீக்கிரம் வரும் என்கிறார்கள். கம்பெனி அறிவித்த விலைக்கு மேல் இத்தனை நூறு வைத்தால் வரிசை முந்தும் என்கிறார்கள். வண்டி உண்மையிலேயே இல்லாதபோது இந்த நூறு வெள்ளி எப்படி வண்டியைப் பிறப்பிக்கிறது என்பது நமக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றிலும் கொடுமை ஒன்று உண்டு. பழைய வண்டியை மாற்றுக்குக் கொடுத்துப் புது வண்டி எடுக்கிறார் ஒரு தோழர். கடைக்காரர் பழையதை அன்றைக்கே வாங்கி உள்ளே தள்ளிவிடுகிறார். புதியது வரவில்லை. பழையது அதற்குள் கைமாறிவிடுகிறது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மழைக்காலத்தில் இருட்டில் ரோட்டோரம் நின்று போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கைகாட்ட வேண்டியதுதான். ஆகவே தோழர்களே, புது வண்டியின் சாவி உங்கள் கையில் விழும் வரையில் பழைய வண்டியின் சாவியை விடாதீர்கள். விலையைப் பேசி முடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைப்பது மட்டும் அதே நாளில், அதே மேசையில் நடக்கட்டும்.

கையெழுத்து விஷயத்தில் நம்மவர் காட்டும் அலட்சியத்தையும் சொல்லத்தான் வேண்டும். “இங்கே போடுங்க, இங்கேயும் போடுங்க, இங்கேயும்” என்று ஐந்தாறு தாளைப் புரட்டுகிறார்கள். நாமும் போட்டுக்கொண்டே போகிறோம். அந்தத் தாள்களுக்கு நடுவே ‘வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளும் இருந்தால் என்ன ஆகும்? கடன் கம்பெனி கடைக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். தவணை ஓடத் தொடங்கிவிடும். வண்டியைக் கண்ணால் பார்க்கும் முன்னே முதல் தவணை கட்டச் சொல்லித் தொலைபேசி வரும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட நண்பரும் கூடவே சிக்கிக்கொள்வார். பெற்றுக்கொண்டதற்கான தாளில் வண்டி வந்த பிறகே, எஞ்சின் நம்பரையும் சேசி நம்பரையும் பதிவுச் சான்றோடு ஒத்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். கண்ணாடி தேவைப்படுகிறவர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போங்கள். அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டம் நம் பக்கம் முற்றிலும் இல்லை என்று எண்ண வேண்டாம். 1967-ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டம் மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். படிவத்தை நிரப்பாமல் வெற்றுத் தாளில் வாடிக்கையாளர் கையெழுத்தை வாங்குவதை அது தடுக்கிறது. ஒப்பந்தத்தின் நகல் நம் கைக்கு வந்தாக வேண்டும் என்கிறது. 2010-ல் செய்யப்பட்டு 2011-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம், முன்பதிவுப் பணம் ரொக்க விலையில் 1 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று வகுத்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் ரொக்க விலை 6,000 வெள்ளி என்றால் முன்பதிவுக்கு 60 வெள்ளி. முந்நூறு கொடு, ஐந்நூறு கொடு என்று கேட்பவரிடம், இது எந்தக் கணக்கு என்று நாம் தாராளமாகக் கேட்கலாம். முன்பதிவு வேறு, வைப்புப் பணம் வேறு என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதே சட்டத்தில் குறைந்தபட்ச வைப்பு பத்தில் ஒரு பங்கு. 6,000-க்கு 600 வெள்ளி. 2025 பிப்ரவரியில் மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தில் 600 வெள்ளி என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதை ரசீது இல்லாமல் கொடுக்கிற தைரியம் நம்மில் சிலருக்கு எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கை. எல்லாக் கடனும் இந்தச் சட்டத்துக்குள் அடங்குவதில்லை. இஸ்லாமிய முறை நிதி உள்பட வேறு வகை ஒப்பந்தங்களிலும் சில கம்பெனிகள் பணம் கொடுக்கின்றன. தாளின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, புரியாவிட்டால் கிளை ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள்.

1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மற்றொரு துணை. சரக்கைக் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பணம் வாங்குவது அச்சட்டப்படி குற்றம். அச்சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை, ட்ரிபியூனல் என்று நாம் சொல்வதை, நம் மக்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. மனுச் செய்யக் கட்டணம் 5 வெள்ளி. முதலாம் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். பொதுவாக அங்கே வக்கீல் வைக்க இடமில்லை; கடைக்காரரும் நாமும் நேருக்கு நேர் நின்று பேச வேண்டியதுதான். 2019-லிருந்து 50,000 வெள்ளி வரையில் கோரிக்கை வைக்கலாம். மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்திருக்க வேண்டும். ஆனால் அங்கே போய், “அவர் வாயால் சொன்னார்” என்று அழுது பயனில்லை. ரசீது வேண்டும், தேதி எழுதிய சீட்டு வேண்டும், கைத்தொலைபேசியில் வந்த செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

இனி, வண்டி வந்த பிறகு நடக்கும் கதைக்கு வருவோம். விற்பதற்கு முன் தேநீர் கொடுத்து உபசரித்த அதே கடை, பழுது பார்க்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் காண்கிறோம்.

தோட்டத்து வண்டி படும் பாடு பட்டணத்து வண்டிக்குத் தெரியாது. செம்மண் பாதை; வெயிலில் புழுதி, மழையில் சேறு. புழுதி காற்று வடிகட்டியை அடைத்துவிடும். சேறு சங்கிலியையும் பல்சக்கரத்தையும் அரைத்துத் தின்றுவிடும். பிரேக் கட்டையில் மண் சேர்ந்தால் இறக்கத்தில் பிடிக்காது. இரு பக்கமும் வாளி தொங்கும் பாரத்தில் பின் சக்கரத்துக் கம்பிகள் தளரும். அதிர்வு தாங்கிகள் உட்கார்ந்துவிடும். இப்படிப்பட்ட வண்டிக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும் கெடுவுக்கு முன்பே எண்ணெய் மாற்ற வேண்டும். கடையில் உள்ளவர் இதைத் தாமே எடுத்துச் சொல்ல வேண்டாமா? முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் புது எஞ்சினின் உலோகம் ஒன்றோடொன்று உராய்ந்து பொடி உதிரும்; அந்தப் பொடி எண்ணெயில்தான் கலந்திருக்கும். அதனால்தான் முதல் சர்வீஸ் அவ்வளவு முக்கியம். அதைத் தவறவிட்டால், சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை விழாவிட்டால், நாளைக்கு வாரண்டி கேட்கும்போது அந்தக் காலிக் கட்டத்தைத்தான் முதலில் காட்டுவார்கள்.

நேரம் என்று ஒன்று இருக்கிறது. கடை திறப்பது காலை ஒன்பது அல்லது பத்து மணி. அப்போது நாம் மரத்தடியில். வெட்டு முடிந்து, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வண்டியைக் கொண்டுபோனால் மதியம் இரண்டு மணி ஆகிவிடும். “இன்றைக்கு வேலை நிறைய, வைத்துவிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க” என்பார்கள். வைத்துவிட்டுப் போனால் மறுநாள் விடியற்காலையில் எதில் ஏறுவது? ஒரு சங்கிலி மாற்றுவதற்கு ஒரு நாள் கூலியை இழப்பதா? தோட்டத்தொழிலாளரை நம்பிக் கடை வைத்திருப்பவர்கள், வெட்டுக்காரர் வண்டியை மதியம் வாங்கினால் அந்திக்குள் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். இது பெரிய கோரிக்கையன்று. சில ஊர்களில் சிறிய கடைக்காரர்கள், சொந்தக் கையால் ஸ்பானர் பிடிப்பவர்கள், இதைச் சொல்லாமலே செய்கிறார்கள். மாதக் கடைசியில் கடனுக்கும் செய்து கொடுக்கிறார்கள். அவர்களை நாம் மறக்கக் கூடாது. பெரிய விளம்பரப் பலகை உள்ள கடையென்று ஓடி, அந்த நல்ல மனிதரைப் பட்டினி போடுவதும் நாம்தான்.

சாமான் இல்லை என்று வாரக் கணக்கில் வண்டியைப் போட்டு வைப்பது இன்னொரு நோய். வண்டி பட்டறையில் கிடந்தாலும் தவணை நிற்பதில்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இங்கும் பேசுகிறது. பழுது பார்க்கும் வசதியும் உதிரிச் சாமான்களும் நியாயமான காலம் வரை கிடைக்கச் செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு என்கிறது. வேலையை எப்போது முடிப்பது என்று பேசிக்கொள்ளாவிட்டாலும், நியாயமான காலத்துக்குள் முடித்தாக வேண்டும் என்கிறது. எனவே கடைக்காரர் கையை விரித்தால், எந்தச் சாமான், எந்தத் தேதியில் கேட்டு அனுப்பப்பட்டது என்று எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டின் நகலோடு விநியோகஸ்தரின் தலைமை ஆபீசுக்குக் கடிதம் போனால், காணாமல் போன சாமான் பல சமயம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். வேலை தொடங்குமுன் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் கேட்டு வாங்குங்கள். மாற்றாத பிரேக் கட்டைக்குப் பணம் கட்டிய கதைகள் நம்மிடையே உண்டு.

கிராணிமார்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. கடன் கம்பெனி சம்பளச் சீட்டு கேட்கிறது. வேலை உறுதிக் கடிதம் கேட்கிறது. பிறகு ஆபீசுக்குத் தொலைபேசி செய்து, இன்னார் உங்களிடம் வேலை செய்கிறாரா என்று விசாரிக்கிறது. அந்தக் கடிதம் மேசையில் ஒரு வாரம் தூங்கினால், அந்தத் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லாமல் போனால், காத்திருக்கும் நாட்களில் கொஞ்சம் நம் ஆபீசிலேயே சேர்ந்துவிடுகிறது. கடையிலிருந்து வந்த தாளைப் படித்துச் சொல்லுங்கள் என்று ஒரு வெட்டுக்காரர் தயங்கித் தயங்கி வந்து நின்றால், ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த அந்தப் பொடி எழுத்தை அவருக்காகப் படிக்க உங்களை விட்டால் அருகில் வேறு யார் இருக்கிறார்கள்? உங்களில் பெரும்பாலோர் அதைச் செய்துதான் வருகிறீர்கள் என்பது நமக்குத் தெரியும். செய்யாதவர்களுக்காகவே இதைச் சொல்கிறோம்.

தனியாள் கேட்டால் ‘மிங்கு டெப்பான்’. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் கடைக்காரர் நாட்காட்டியை எடுக்கிறார். 1960-ல் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வி. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டத்தை வாங்கிய கூட்டத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கடையோடு ஒழுங்காகப் பேரம் பேசத் தெரியாதா? இந்த ஆண்டு வண்டி வாங்க எண்ணியிருப்பவர்கள் கிளையில் பெயரைக் கொடுத்தால், பெயர்களைச் சேர்த்துக்கொண்டு வட்டாரத்துக் கடைகளிடம் நாம் போய்ப் பேசுவோம். வண்டியைத் தரும் தேதி எழுத்தில் வேண்டும்; தேதி தவறினால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும்; ரொக்கம் தவணை என்ற பேதம் கூடாது; மதியம் கொடுத்த வண்டி அந்திக்குள் வேண்டும். இவற்றுக்கு ஒப்புக்கொள்கிற கடையின் பெயரைக் கிளை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவோம். ஒப்புக்கொள்ளாத கடையைப் பற்றி எதுவும் எழுத மாட்டோம். பலகையில் பெயர் இல்லாததைப் பார்த்து நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களுக்காகக் கிளை ஆபீஸ் மேசைமீது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். பணம் கட்டிய தேதி, தொகை, வண்டியின் பெயர், கடைக்காரர் சொன்ன தேதி, போய்வந்த தடவைகள், இழந்த வெட்டு நாட்கள் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். எழுத வராதவருக்குக் காரியதரிசி எழுதிக் கொடுப்பார். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ரசீது, ஒப்பந்த நகல், சர்வீஸ் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ரசீதே வாங்காதவர்களும் வரலாம். அவர்களை முதலில் கடைக்கு அழைத்துப் போய் ரசீது வாங்கிவிட்டு, பிறகு மற்றதைப் பார்ப்போம்.